மாப்பிள்ளையின் கண்

எடெல்காவுக்கு வாய் சும்மா இருக்காது. அவளிடம் குறை என்று சொல்ல எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டால் இன்னும் நாலைந்து சேர்த்துச் சொல்வார்கள், அவர்களுக்கு வேறு வேலை என்ன. ஆனால் அந்த ஈஸ்டர் திங்கட்கிழமை காலையில் அந்த வாய் கொஞ்சம் அடங்கியிருந்தால், புடா மலைச் சரிவில் இருக்கும் வட்கெர்த்தி மாளிகையில் அன்று ஒன்றுமே நடந்திருக்காது. ஜனங்கள் வந்திருப்பார்கள், பார்த்திருப்பார்கள், தோட்டத்தில் உட்கார்ந்து முட்டையும் ரொட்டியும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஆற்றுக்கு அக்கரையில், கோபான்யாவில். சாக்லேட் ஆலையில் பெட்டிக்கு நாடா கட்டும் வேலை. ஆலையை இழுத்து மூடினார்கள். அதே குளிர்காலத்தில் புருஷனும் போய்ச் சேர்ந்தான். பிறகுதான் மாளிகைக்கு வந்தாள். புடாபெஸ்டில் எந்த ஓவியக்கூடத்துக்குப் போனாலும் மூலையில் நாற்காலி போட்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருப்பாள், மடியில் குறுக்கெழுத்துப் புத்தகம் இருக்கும், கண் உங்கள் விரல் மேல் இருக்கும். அப்படி ஓர் அம்மாள்தான் எடெல்கா. நாள் முழுக்க அவள் சொல்ல வேண்டியது "தொடாதீங்க", "கொஞ்சம் தள்ளி நில்லுங்க", அவ்வளவுதான். அதையே குழந்தையிடம் கெஞ்சலாகவும், தாடி வைத்த பேராசிரியரிடம் கடுப்பாகவும், கைகோத்து வரும் காதலர்களிடம் ஒரு சிரிப்போடும் சொல்வாள்.

அவள் காவல் காத்தது பட்டு அறை. சுவர் முழுக்கப் பட்டுத் துணி, அதில் கையால் வரைந்த மரங்கள், பூக்கள், பறவைகள். சீன தேசத்திலிருந்து கப்பலில் வந்ததாம். கண்ணாடி கிடையாது, முன்னால் ஒரு தடித்த சிவப்புக் கயிறு மட்டும். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், எடெல்காவின் தோள் உயரத்தில், நீளக் கொண்டையோடு ஒரு நீலப் பறவை நின்றது. மற்றப் பறவைகள் தங்கள் ஜோடியைப் பார்த்துக்கொண்டிருக்க, இது மட்டும் அறைக்குள் பார்த்தது. கறுப்புப் புள்ளி, அதைச் சுற்றிப் பொன் வளையம். நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கண் கூடவே வரும். பெண் பார்க்க வந்த இடத்தில் வெட்கமில்லாமல் முறைக்கிறானே என்று எடெல்காதான் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். காலையில் சன்னலைத் திறந்ததும் அதற்கு வணக்கம் சொல்லாமல் நாற்காலியில் உட்கார மாட்டாள்.

கீழே, கோட்டு வாங்கி மாட்டும் இடத்தில் வெண்டெல் இருந்தார். வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டி, பளபளக்கும் மரத்தரையில் கீறல் விழாமலிருக்க, காலணிக்கு மேலே மாட்டிக்கொள்ளும் பெரிய கம்பளிச் செருப்புகளை எடுத்துக் கொடுப்பார். வேலையை விட வேண்டிய வயது எப்போதோ தாண்டிவிட்டது. அவர் குடியிருந்தது மாளிகையின் வாசல் பக்கத்துக் காவல் வீட்டில், ஒற்றை அறையில். வேலை இருக்கும்வரைதான் அந்த அறை. அதைக் காப்பிக் கடையாக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ரொம்ப நாளாக ஆசை. கிழவரை வெளியே தள்ள ஒரு சாக்குக் கிடைக்காமல்தான் வருஷா வருஷம் நீட்டித்துக்கொண்டிருந்தார்கள். இது மாளிகையில் எல்லோருக்கும் தெரியும். எடெல்காவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

ஈஸ்டர் திங்களன்று இந்த ஊரில் ஆண்கள் பெண்களுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளிக்காவிட்டால் பெண்கள் செடி மாதிரி வாடிவிடுவார்களாம். கிராமத்தில் வாளியோடு ஊற்றுவார்கள். பட்டணத்தில் கடையில் விற்கும் மலிவான அத்தர்த் தண்ணீரைத் தலையில் நாலு சொட்டு விடுவார்கள், அந்த நாற்றம் ஒரு வாரம் போகாது. தெளிப்பதற்கு முன்னால் ஒரு பாட்டுச் சொல்லி அனுமதி கேட்க வேண்டும், தெளித்தபின் பெண் ஒரு சாயமிட்ட முட்டை கொடுக்க வேண்டும். வெண்டெல் கடைச்சரக்கைத் தொட மாட்டார். மாளிகைத் தோட்டத்து ரோஜாவில் அவர் மனைவி இல்கா பன்னீர் வடிப்பாள், அதைத்தான் கொண்டுவந்து மாளிகைப் பெண்கள் எல்லோருக்கும் தெளிப்பார். இல்கா போனபிறகு இரண்டு ஈஸ்டர் வந்தது. இரண்டிலும் அவர் யாருக்கும் ஒரு சொட்டுத் தெளிக்கவில்லை.

சரி, அது அவர் துக்கம் என்று விட்டிருக்கலாம். எடெல்கா விடவில்லை. காலையில் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொள்ள வந்தவள் ஆரம்பித்தாள்.

"என்ன வெண்டெல், இந்த வருஷமும் வறட்சிதானா? என்னைப் பாருங்க, பூண்டுச் சருகு மாதிரி காஞ்சு போயிட்டேன்."

"டோர்கா பொண்ணு நோட்டீஸ் ஒட்டியிருக்கா, படிக்கலையா? கீழ்த்தளம் தாண்டி பாட்டில் கொண்டுபோகக் கூடாதாம். வர்றவங்ககிட்டயும் வாங்கி இங்க வைக்கச் சொல்லியிருக்கா."

டோர்கா அன்றைய பொறுப்பாளர், போன இலையுதிர் காலத்தில்தான் வேலைக்கு வந்தவள். தன் நிழலைப் பார்த்தும் பயப்படுகிற பெண்.

"படிச்சேன், படிச்சேன். பயந்தவங்களுக்கு ஒட்டினது அது."

"எனக்கென்ன பயம்?"

"அதான் நானும் கேக்கறேன். கை நடுங்குதுன்னா வயசாச்சுன்னு சொல்லிடுங்க, நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்."

வெண்டெல் செருப்பை நீட்டினார். காது மட்டும் சிவந்திருந்தது. எடெல்கா மாடிப்படி ஏறும்போது தனக்குள் சிரித்துக்கொண்டாள். கைப்பையில் முட்டை ஒன்று இருந்தது. முந்தின நாள் சிவப்புச் சாயத்தில் போட்டெடுத்து, ஊசியால் சுரண்டி வில்லோ மரக் கிளை வரைந்த முட்டை. ஒரே ஒரு முட்டைதான். யாருக்கு என்று அவளைக் கேட்டிருந்தால் சும்மா கொண்டுவந்தேன் என்றுதான் சொல்லியிருப்பாள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, வெண்டெல் பட்டு அறை வாசலில் வந்து நின்றார். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையை ஈரம் தொட்டு வாரியிருந்தார். உள்ளங்கையில் ஒரு பழைய நீலக் குப்பி.

"இதுல மிச்சம் இருந்தது. இல்கா வடிச்சது, கடைசியா." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட்டைச் சொன்னார், அவரே கட்டினது: "கதவோரமா ஒரு செடி நிக்குது, வாடிப்போயிருமோன்னு மனசு அடிக்குது, தண்ணி ஊத்தட்டுமா, தடை உண்டா?"

எடெல்காவுக்கு வாய் அடைத்துப்போனது. கிண்டல் பண்ணத்தான் பண்ணினாள், இப்படி வந்து நிற்பார் என்று நினைக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அவர் குப்பியை உதறின வேகத்தில் கை நடுங்கியது. அவளும் கூச்சத்தில் சிரித்தபடி முகத்தைத் திருப்பிவிட்டாள். பாதி அவள் தோளில் விழுந்தது. மீதி அவளைத் தாண்டிக் கயிற்றுக்கு அந்தப்பக்கம் போனது.

பன்னீர் வாசனை அறையெல்லாம் நிறைந்தது. எடெல்கா இன்னும் சிரித்துக்கொண்டேதான் கைப்பையைத் திறந்து முட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் முட்டையைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார், முகத்தில் ரத்தமே இல்லை. அவள் திரும்பினாள்.

மாப்பிள்ளையின் கழுத்தில் ஈரம் பட்டிருந்தது. கொண்டைக்குக் கீழே நாலைந்து சொட்டு. நீலம் கரைந்து விரல் நீளத்துக்கு இறங்க ஆரம்பித்திருந்தது. கண்மேல் ஈரம் படவில்லை, கண் தப்பித்துவிட்டது, அதை முதலில் பார்த்தாள்.

"நான் போய் டோர்காகிட்ட சொல்றேன்" என்றார் வெண்டெல்.

"சொல்லிட்டு ராத்திரி எங்க படுப்பீங்க?"

"எடெல்கா…"

"காப்பிக் கடைக்கு இன்னைக்கே மேசை நாற்காலி வாங்கிடுவாங்க. குப்பியைப் பையில போடுங்க. கீழ போய் எப்பவும்போல கோட்டு மாட்டுங்க. இங்க யாரும் வரல, நீங்களும் வரல. நான் பாத்துக்கறேன்."

"நீ எப்படிப் பாத்துப்ப?" என்றார் அவர். இத்தனை வருஷத்தில் அவளை அவர் நீ என்று சொன்னது அப்போதுதான். சொன்னது இருவருக்கும் கேட்டது, அதைப் பற்றிப் பேச நேரமில்லை. படியில் கம்பளிச் செருப்புகள் தேயும் சத்தம் கேட்டது. அவர் முட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு பின்படி வழியாக இறங்கிப் போனார்.

எடெல்கா எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்றால், கயிற்றைத் தாண்டிப் போய் மாப்பிள்ளைக்கு முன்னால் நின்றுகொண்டாள். அவ்வளவுதான். அவள் நல்ல அகலமான பெண்மணி, பறவை முழுசாக மறைந்தது. நாற்காலியில் உட்காராமல் நின்று காவல் காக்கிற சிரத்தை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது யோசித்திருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும். பண்டிகை நாளில் யார் யோசிக்கிறார்கள். வந்தவர்கள் எல்லாரும் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தவர்கள், பெண்கள் எல்லார்மேலும் அத்தர் நாற்றம், அதில் பன்னீர் வாசனை எங்கே தெரியப்போகிறது.

நின்றாள். காய்ந்தால் கறை மங்கிவிடும் என்று ஒரு நிமிஷம் தோன்றும். அடுத்த நிமிஷம், பட்டு ஈரத்தில் என்ன ஆகும் என்று ஓவியங்களைச் செப்பனிடும் லிவியா ஒருநாள் சொன்னது ஞாபகம் வரும். ஈரம் பட்டால் உடனே என்னைக் கூப்பிடுங்கள், நீங்களாக எதுவும் செய்யாதீர்கள், துடைக்கவே துடைக்காதீர்கள் என்று லிவியா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லியிருந்தாள். கூப்பிடலாம். கூப்பிட்டால் எப்படி ஈரம் பட்டது என்ற கேள்வி வரும். எடெல்காவால் அந்தக் கேள்வியைத் தாண்டி ஓர் அடிகூட யோசிக்க முடியவில்லை.

கூட்டம் ஏறியது. ஒரு முதிய தம்பதி நேராக அவளிடம் வந்து, இங்கே ஒரு நீலப் பறவை இருக்குமே, எங்கள் கல்யாணத்தன்று பார்த்தோம் என்றார்கள். "அடுத்த அறையில" என்று சொல்லி அனுப்பினாள் எடெல்கா. பாவம், அவர்கள் அடுத்த அறையில் தேடிவிட்டுத் திரும்பி வந்தார்கள். மூன்றாவது அறைக்கு அனுப்பினாள். அதற்குள் ஒரு பெரிய கூட்டம் வழிகாட்டியோடு நுழைந்து கயிற்றை நெருக்கியது. எடெல்கா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். இன்னும் நெருக்கியது. இன்னொரு அடி. தோளில் சில்லென்று இருந்தது. சட்டையில் விழுந்த பன்னீர் இன்னும் காயவில்லை என்று நினைத்தாள். கை வலித்தது, கால் மரத்தது, உடம்பை ஒரு பக்கமும் மறுபக்கமும் மாற்றி மாற்றி நின்றாள்.

அப்போதுதான் செக்லேட் என்ற வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன் பாலிண்ட், வாட்டசாட்டமான ஆள், பட்டணம் என்றால் கொஞ்சம் கூச்சப்படுகிறவன். மனைவி எமெஷே. இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் சுவரைப் பார்த்தாள். சின்னவள் எடெல்காவைப் பார்த்தாள், அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அப்பா, இந்த அத்தைக்குப் பின்னால சுவத்துல நீலத் தண்ணி வடிஞ்சிருக்கு."

"சும்மா இரு."

"நெஜமாத்தான். பாருங்க, கோடு மாதிரி."

டோர்கா அந்த நேரத்தில்தானா வாசலில் வந்து நிற்க வேண்டும். வந்து நின்றாள். "எடெல்கா அத்தை, கயித்துக்கு உள்ள என்ன பண்றீங்க?" என்றாள்.

"கூட்டம் தள்ளுதும்மா."

"கொஞ்சம் இப்படி வாங்க."

எடெல்கா வரவில்லை. டோர்கா இன்னொரு முறை சொன்னாள். எல்லோரும் பார்க்கிறார்கள். எடெல்கா பக்கவாட்டில் நகர்ந்து, கயிற்றைத் தாண்டி, சன்னலைப் பார்க்க நின்றுகொண்டாள். சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமே, எதற்குப் பார்க்க வேண்டும். டோர்காவின் மூச்சு நின்ற சத்தம் மட்டும் கேட்டது.

"யார் பண்ணினது?" டோர்காவின் குரல் கிழிந்தது. "யாரு பாட்டில் கொண்டுவந்தது? எல்லாரும் அப்படியே நில்லுங்க."

வாசல் காவலாளியைக் கூப்பிட்டாள். அவன் வந்து ஆண்களின் பைகளைப் பார்க்க ஆரம்பித்தான். பாலிண்ட் தானாகவே கோட்டுப் பைக்குள் கைவிட்டு, பாதி காலியான அத்தர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினான்.

"கீழ கொடுக்க மறந்துட்டேங்க. இங்க திறக்கவே இல்ல. காலையில மாமியாருக்குத் தெளிச்சேன், இவளுக்கு, பிள்ளைங்களுக்கு. அவ்வளவுதான்."

"பாதி காலியா இருக்கே."

"மாமியாருக்குக் கொஞ்சம் தாராளமாப் போட்டேன்."

யாரோ சிரித்தார்கள். டோர்கா சிரிக்கவில்லை. பறவைக்கு யார் பதில் சொல்வது என்றால் அவள்தானே சொல்ல வேண்டும். அவள் எடெல்கா பக்கம் திரும்பினாள். "அத்தை, நீங்க இங்கதான இருந்தீங்க. இவர்தானா? வாயால சொல்ல வேண்டாம். தலையை ஆட்டினா போதும், மிச்சத்தைப் போலீஸ்காரங்க பாத்துப்பாங்க."

எடெல்கா தலையை ஆட்டவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. காவல் வீட்டின் ஒற்றைச் சன்னலும், அதில் இல்கா வைத்துவிட்டுப் போன ஜெரேனியப் பூத்தொட்டியும்தான் கண்ணுக்குள் நின்றது. இவன் யாரோ எவனோ. இளைஞன். ஏதோ அபராதம் கட்டிவிட்டு ரயிலேறிவிடுவான், அடுத்த ஈஸ்டருக்குள் மறந்துவிடுவான். வெண்டெல் எங்கே ஏறுவார்? இப்படியெல்லாம் நினைத்தாள் என்பதை அவளே பிற்பாடு சொன்னாள், நான் இட்டுக்கட்டவில்லை.

அவள் பேசாமலிருந்ததை டோர்கா ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். காவலாளி பாலிண்ட்டின் முழங்கையைப் பிடித்தான். பாலிண்ட்டுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. குனிந்து, அழ ஆரம்பித்த சின்னவளிடம் "ஒண்ணுமில்லடா, இந்த மாமாவோட பேசிட்டு வந்துடறேன்" என்றான். கம்பளிச் செருப்போடு அவனால் நிமிர்ந்து நடக்கக்கூட முடியவில்லை, வழுக்கி வழுக்கிப் போனான்.

எமெஷே குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். சன்னலோரம் எடெல்காவுக்குப் பின்பக்கமாகக் கடந்தவள் நின்றுவிட்டாள். பிறகு எடெல்காவின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அத்தை, உங்களுக்கும் காப்பாத்த யாரோ ஒருத்தர் இருக்காங்க போல. எனக்கு அவர்தான் இருக்கார்."

"என்னம்மா சொல்ற?"

"உங்க முதுகைப் பாருங்க."

முதுகை யாரால் பார்க்க முடியும். எடெல்கா கையை வளைத்து, சாம்பல் நிறச் சீருடையின் தோள்பக்கம் தடவினாள். ஈரம். விரலை முன்னால் கொண்டுவந்து பார்த்தாள். நீலம். நீலத்தோடு கறுப்பு, கறுப்பைச் சுற்றிப் பொன் பொடி.

அப்போதுதான் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். கழுத்தில் கறை அப்படியேதான் இருந்தது, அவள் முதலில் பார்த்த அளவுதான், கூடவில்லை. கண்தான் இல்லை. சொட்டு ஈரம் படாமல் தப்பித்த அந்தக் கண் இருந்த இடத்தில் வெறும் பட்டு இருந்தது, தேய்த்த தடம் இருந்தது. தொடாதே, சாயாதே, தள்ளி நில் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், சாய்ந்து நின்று, மாற்றி மாற்றிச் சாய்ந்து நின்று, தன் ஈரத் தோளால் மாப்பிள்ளையின் கண்ணைத் துடைத்து எடுத்திருந்தாள்.

"டோர்கா" என்று கூப்பிட்டாள். "அவரை விடும்மா. அவர் இல்ல. தண்ணியை என் மேல தெளிச்சாங்க, சுவத்துல பட்டுருச்சு. கண்ணை அழிச்சது நான். மறைக்கப் போயி அழிச்சிட்டேன்." அவள் திரும்பித் தன் முதுகைக் காட்டினாள்.

"தெளிச்சது யாரு?" என்றாள் டோர்கா.

"அதை நான் சொல்ல மாட்டேன். கேக்காத."

காவலாளி பாலிண்ட்டின் கையை விட்டான். பாலிண்ட் மகளைத் தூக்கிக்கொண்டான், எடெல்காவை ஒரு பார்வை பார்த்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அவள் அடிக்கடி சொல்வாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எல்லோருமாகக் கீழே இறங்கினார்கள். கோட்டு மாட்டும் இடத்தில் மேசைமேல் நீலக் குப்பி இருந்தது. பக்கத்தில் வில்லோக் கிளை வரைந்த சிவப்பு முட்டை, அதற்குப் பக்கத்தில் காவல் வீட்டுச் சாவி. வெண்டெல் பின்னால் கை கட்டி நின்றிருந்தார்.

"லிவியாவுக்கு அப்பவே போன் பண்ணிட்டேன், வாட்ஸ் ஊர்லேர்ந்து ரயில்ல வந்துக்கிட்டிருக்கா" என்றார் டோர்காவிடம். "நான்தான் தெளிச்சேன். சும்மா விளையாட்டுக்கு. அறையில யாரும் இல்ல, நான் மட்டும்தான். சாவி இங்க இருக்கு. லிவியா வந்ததும் உன்கிட்ட நேராச் சொல்லலாம்னு நின்னுட்டேன், இங்க விட்டுட்டு வர ஆளில்ல."

"யாரும் இல்லையா?" என்றாள் டோர்கா. முட்டையைப் பார்த்தாள். எடெல்காவின் முட்டையை மாளிகையில் அடையாளம் தெரியாதவர்கள் கிடையாது, ஆறு மாதம் முன்னால் வந்தவளுக்குக்கூட அன்று காலை எடெல்காவே காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தாள். டோர்கா கம்பளிச் செருப்புக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கொன்னுட்டீங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். பாவம், அவளுக்கும் அந்த வேலையை விட்டால் வேறு கதி இல்லை.

லிவியா வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் மேலே ஓடினாள். வெகுநேரம் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். எடெல்கா வாசலில் நின்றாள், உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

"பன்னீர்தான், சாராயம் கலக்கல" என்றாள் லிவியா கடைசியில். "கழுத்தை என்னால சரி பண்ண முடியும் அத்தை. இன்னும் ஈரமாத்தான் இருக்கு. அப்படியே விட்டிருந்தா எதுவுமே தெரிஞ்சிருக்காது. தண்ணியால ஒண்ணும் ஆகல."

"கண்ணு?"

லிவியா விளக்கைக் கீழே வைத்தாள். "உங்க சட்டையைக் கழட்டிக் கொடுங்க" என்றாள். எடெல்கா கழற்றிக் கொடுத்தாள். லிவியா அதை மேசைமேல் குப்புறப் போட்டுப் பார்த்தாள். தோள்பட்டைத் துணியில் கண் இருந்தது. கலங்கிப்போய், ஒரு பக்கம் இழுபட்டு, ஆனால் வளையம் வளையமாகவே இருந்தது. யாரையும் பார்க்கவில்லை அது இப்போது. லிவியா சட்டையை மெல்லிய காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள், திருப்பித் தரவில்லை, எடெல்காவும் கேட்கவில்லை.

வேலை போனது, இருவருக்கும். காவல் வீடு காப்பிக் கடை ஆனது, காப்பி நன்றாகத்தான் இருக்கிறது என்று கேள்வி. வெண்டெல் ஒரு பெட்டியும் ஜெரேனியத் தொட்டியுமாக டிராம் ஏறி கோபான்யாவுக்கு வந்தார். அக்கம்பக்கத்தார் கேட்டதற்கு, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, பழுது பார்க்க வந்திருக்கிறார் என்று எடெல்கா சொன்னாள். வருஷம் ஒன்றாகியும் குழாய் பழுது பார்த்து முடியவில்லை. இருவரும் ஒருவரையொருவர் நீ என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

அடுத்த ஈஸ்டர் திங்களுக்கு வெண்டெல்தான் போகலாம் என்றார். எடெல்கா மாட்டேன் என்றாள், பிறகு தொப்பியைத் தேடினாள். வரிசையில் நின்று, மற்றவர்களைப் போலச் சீட்டு வாங்கி, முன்பின் தெரியாத ஒருவனிடம் கோட்டைக் கொடுத்துக் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொண்டார்கள். பட்டு அறையில் நாற்காலி அதே இடத்தில் இருந்தது, அதில் ஒரு புதுப் பெண். கழுத்தை லிவியா அற்புதமாகச் சரிசெய்திருந்தாள், எங்கே ஈரம் பட்டது என்று எடெல்காவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணை மட்டும் அவள் வரையவில்லை. இல்லாததை வரைந்து வைப்பது தன் தொழில் இல்லை என்று சொல்லிவிட்டாளாம். மாப்பிள்ளை, கண் இருந்த இடத்தில் வெறும் பட்டோடு அறையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அத்தை" என்றாள் புதுப் பெண், மரியாதையாகத்தான்.

எடெல்கா தள்ளி நின்றாள்.

"எல்லாரும் அதைத்தான் பார்க்கறாங்க" என்றாள் அந்தப் பெண், பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில். "போன வருஷம் யாரோ வெளியூர்க்காரன், செக்லேட் பக்கமாம். பாட்டிலைக் கோட்டுக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வந்து தெளிச்சிட்டான். வழிகாட்டிங்க எல்லாரும் வர்றவங்ககிட்ட அப்படித்தான் சொல்றாங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்து இந்த வேலை."

வெண்டெல் எடெல்காவின் கையைப் பிடித்தார். வா போகலாம் என்று அர்த்தம். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"செக்லேட்காரர் இல்லம்மா" என்றாள். அறையில் இருந்த மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அவர் பேர் பாலிண்ட். அவர் பாட்டிலைத் திறக்கவே இல்ல. அது நான்."

அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்து, எடெல்காவுக்கும் கயிற்றுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.